அப்பாவின் கிட்டாரைக் கேட்டால் பணம் தருகிறேன் என்கிறார்

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா சர்ச்சிலும் மெல்லிசைக் குழுக்களிலும் கிட்டார் வாசித்தவர். எழுபதுகளில், ஊரைவிட்டுப் போன ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமிருந்து 1964ஆம் வருட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கினார். 2022இல் ஃபிரெட் (விரல் பலகையில் பதித்த உலோகக் கம்பிகள்) மாற்றுவதற்காக, ரிப்பேர் கடை வைத்திருக்கும் தன் பழைய மாணவரிடம் அதைக் கொடுத்தார். குழுவினர் பெயர் பொறித்துத் தந்த எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சும் அந்தக் கிட்டார் பெட்டிக்குள்தான் இருந்தது. 2024இல் அப்பா காலமானார். உயில் எழுதவில்லை. கடந்த ஜனவரியில் கேட்டபோது, “மாஸ்டர் எனக்கே கொடுத்துட்டார்” என்றார் அந்த மாணவர். வாட்ச்சைப் பார்க்கவே இல்லையாம். பிறகு 80,000 ரூபாய் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதினார். கிட்டாரை விற்க ஆள் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறோம். “பழைய கட்டைதானே, பணத்தை வாங்கிக்கோ” என்கிறார் அண்ணன். அம்மாவுக்கும் எனக்கும் கிட்டார்தான் வேண்டும். சட்டத்தில் அதற்கு இடம் உண்டா? போலீஸில் புகார் கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இடம் உண்டு. பொருளுக்குப் பதில் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம், இப்படி வருகிறவர்களில் பலர் வீட்டாரின் நச்சரிப்பு தாங்காமல் பாதியிலேயே பணத்துக்கு ஒத்துக்கொள்கிறார்கள். அந்த 80,000 ரூபாயைத் தொடாதீர்கள். ஒரு ரூபாய் முன்பணமாகக்கூட உங்கள் வங்கிக் கணக்கிலோ அண்ணனின் கணக்கிலோ விழ வேண்டாம். விழுந்தால், விலை பேசி விற்றுவிட்டீர்கள் என்று வாதாட அவருக்கு ஒரு ஆதாரம் கிடைத்துவிடும்.

நீங்கள் பற்றிக்கொள்ள வேண்டியது 1963ஆம் வருடக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7, 8 பிரிவுகளை. உரிமையாளராக இல்லாமல் ஒருவர் வைத்திருக்கும் அசையும் பொருளை, அதே பொருளாகவே திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட 8ஆம் பிரிவு வழி செய்கிறது. பணம் கொடுத்தால் ஈடாகாது என்ற நிலை இருந்தாலோ, இழப்பைப் பணத்தில் கணக்கிடுவது மிகவும் கடினம் என்றாலோ போதும். இன்னொரு நல்ல விஷயம்: பணம் ஈடாகாது என்பதை ஆரம்பத்திலேயே நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நீதிமன்றம் அப்படித்தான் அனுமானிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஈடாகும் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அப்பா சர்ச்சில் வாசித்த கிட்டார், குழுவினர் பெயர் பொறித்துக் கொடுத்த வாட்ச் ஆகியவற்றுக்கு இந்தப் பிரிவு கச்சிதமாகப் பொருந்தும். ஜனதா வாட்ச்சின் சந்தை விலை சில ஆயிரங்கள்தான் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் தொழில்நுட்பத்தோடு இதே பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இன்று நிறையப் பேர். ஆனால் உங்கள் வழக்கு அந்த விலையை நம்பி நிற்கவில்லை. பின்மூடியில் இருக்கும் பெயர்தான் உங்கள் வழக்கு.

இப்போது அவர் சொல்லும் “எனக்கே கொடுத்துட்டார்” என்ற வாதம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் தேவையில்லை. கையில் ஒப்படைத்தாலே போதும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. பொருளும் இப்போது அவர் கையில் இருக்கிறது. வைத்திருப்பவர் உரிமையாளர் இல்லை என்று சொல்கிறவர் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. ஆகவே முதல் சுமை உங்கள் மேல்தான். கிட்டார் அப்பாவுடையது, ரிப்பேருக்காகத்தான் போனது என்ற இரண்டையும் நீங்கள் காட்டிவிட்டால், அது பின்னால் தானமாக மாறியது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும். ரிப்பேருக்காகக் கையில் கொடுத்ததையே தானத்துக்கான ஒப்படைப்பு என்று அவர் சொல்லிவிட முடியாது; பிறகு எப்போது, யார் முன்னால், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். 2023 தீபாவளி சமயத்தில் அப்பாவின் போனுக்கு வந்தது. “மாஸ்டர், உங்க ஃபெண்டர் பத்திரமா இருக்கு, ஃபிரெட் வேலை முடிஞ்சதும் நானே கொண்டு வந்து தர்றேன்.” இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ‘உங்க’ என்கிறார், ‘தர்றேன்’ என்கிறார். அப்பாவின் போனை யாருக்கும் கொடுக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், சிம்மை மட்டும் கழற்றி வேறு போனில் போட்டுவிட்டு அதை அலமாரியில் தூக்கிப் போடவும் வேண்டாம். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63(4)இன்படி சான்றிதழ் இல்லாமல் இந்தப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. அந்தச் சான்றிதழ் தயாரிக்க மூலக் கருவி இருப்பது நல்லது. 80,000 ரூபாய் தருகிறேன் என்ற செய்தியையும் அப்படியே வைத்திருங்கள். ‘இதைச் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது’ என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல்தான் எழுதியிருக்கிறார். தனக்கே தானமாக வந்த பொருளுக்கு எதற்காகப் பணம் கொடுக்க முன்வந்தார் என்று குறுக்கு விசாரணையில் கேட்கலாம்.

மரணப்படுக்கையில் கொடுத்தார் என்று கதையை மாற்றினாலும் மாற்றலாம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 191ஆம் பிரிவு அதற்கும் இடம் தருகிறது. ஆனால் கொடுப்பவர் அப்போது நோயுற்று, அந்த நோயாலேயே சீக்கிரம் இறந்துவிடுவோம் என்று எண்ணியிருக்க வேண்டும். 2022இல் அப்பா நல்ல ஆரோக்கியத்தோடு சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருட கிறிஸ்துமஸ் ஆராதனை வீடியோ இருக்கிறதா என்று சபையில் கேளுங்கள்.

இதைப் படிக்கும்போது பீட்டில்ஸ் இசைக் குழுவின் ஜான் லெனனுடைய வாட்ச் வழக்குதான் எனக்கு ஞாபகம் வந்தது. 1980இல் அவருடைய 40ஆவது பிறந்தநாளுக்கு மனைவி யோகோ ஓனோ ஒரு பாடெக் ஃபிலிப் 2499 வாட்ச் வாங்கி, பின்மூடியில் வாசகம் பொறித்துக் கொடுத்தார். லெனன் கொல்லப்பட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு, வீட்டில் வேலை பார்த்த கார் ஓட்டுநர் அதை எடுத்துப் போனார். கைமாறிக் கைமாறி ஒரு சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. 2014இல் ஜெனீவாவில் மதிப்பிடக் கொடுத்தபோதுதான் விஷயம் யோகோ ஓனோவுக்குத் தெரிந்தது. தகராறு பத்து வருடம் நீண்டது. 2024 நவம்பரில் சுவிட்சர்லாந்து உச்ச நீதிமன்றம் வாட்ச் அவருக்கே சொந்தம் என்றது. இத்தனை விசேஷமான, கணவருக்காக வாசகம் பொறித்த ஒரு பொருளை அவர் தானமாகக் கொடுக்க எண்ணியதற்கு ஆதாரமே இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான காரணங்களில் ஒன்று. சுவிஸ் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மனிதர்கள் இப்படிப்பட்ட பொருளைப் போகிறபோக்கில் கொடுத்துவிட மாட்டார்கள் என்ற அந்த வாதத்தை இங்கேயும் தாராளமாக வைக்கலாம். விற்றுவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் அல்லவா? நம் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கும் கிடைக்காது என்கிறது. ஆனாலும் வாங்கியவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலைமைக்கு விடக் கூடாது.

அடுத்தது, பலர் கோட்டை விடும் இடம்: அடையாளம். ‘பழைய ஃபெண்டர் கிட்டார் ஒன்று’ என்று மனுவில் எழுதினால், வேறொரு கிட்டாரைக் கொண்டு வந்து நீட்டுவார்கள். அதைவிட மோசம், உடம்பு அதேதான் இருக்கும், உள்ளே இருந்த பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகங்கள்) மாறியிருக்கும். 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்க ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். கைக்குப் போனது. அதற்கு முந்தைய கிட்டார்களுக்குச் சேகரிப்பாளர்களிடம் இருக்கும் மவுசு தனி. அந்த மவுசு முழுக்க, உள்ளே இருப்பதெல்லாம் முதலில் இருந்ததுதானா என்பதைப் பொறுத்தது. பெயின்ட்டை மறுபடி அடித்திருந்தால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இந்த வியாபாரத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

உங்களிடம் 2016இல் வேறொரு ரிப்பேர்காரர் கிட்டாரின் கழுத்தைக் கழற்றியபோது எடுத்த போட்டோக்கள் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தின் அடிப்பகுதியில் மாதமும் வருடமும் கொண்ட மை முத்திரை தெளிவாகத் தெரிகிறது. நான்கு திருகு போட்ட உலோகத் தகட்டில் ‘எல்’ எழுத்தோடு தொடங்கும் வரிசை எண் இருக்கிறது. அந்தக் காலத்து ஃபெண்டர்களுக்கு உரிய எண் அது. முன்பக்கத் தகடான பிக்கார்டைத் திறந்து எடுத்த படத்தில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட்டின் முதுகில் 304 என்று தொடங்கும் எண்ணும் படிக்க முடிகிறது. 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தின் குறியீடு. அதற்கடுத்த எண்கள் அது தயாரான வருடத்தையும் வாரத்தையும் சொல்லும். இந்த மூன்றையும் நோட்டீஸிலும் மனுவிலும் அப்படியே எழுதுங்கள். உடம்பின் பின்பக்கத்தில் அப்பாவின் பெல்ட் பக்கிள் உரசிய தழும்பையும் சேர்த்து எழுதுங்கள். போட்டோ எடுத்த ரிப்பேர்காரரைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலில் வக்கீல் நோட்டீஸ். பொருளையும் அதன் மூல உதிரிகள் அனைத்தையும் 15 நாளில் ஒப்படைக்கச் சொல்லி, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் விதத்தில் அனுப்ப வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 70ஆம் இனப்படி (ஆர்ட்டிகிள்), ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்டு, அவர் மறுத்த நாளிலிருந்து மூன்று வருடம் உங்களுக்கு இருக்கிறது. கணக்கு ஜனவரியில் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு இனம்தான் பொருந்தும் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம் என்பதால் இந்த வருடத்துக்குள்ளேயே வழக்கைப் போட்டுவிடுவது நல்லது. ஃபிரெட் வேலைக்கு உண்மையிலேயே கூலி பாக்கி இருந்தால், அதைக் கொடுக்கத் தயார் என்று நோட்டீஸிலேயே எழுதுங்கள். ஒப்பந்தச் சட்டம் 170இன்படி, தான் செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்க ரிப்பேர்காரருக்கு உரிமை உண்டு. அந்த வாதத்தை முதலிலேயே எடுத்துவிடலாம். இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்ததற்கு வாடகை என்று கேட்டால், அதற்கு அந்தப் பிரிவு இடம் தராது.

வழக்கோடு சேர்த்தே இரண்டு இடைக்கால மனுக்கள் போட வேண்டும். விற்கவோ உருமாற்றவோ கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 39 ரூல் 1இன் கீழ் தடை ஒன்று. நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் ஒருவரை அனுப்பிக் கிட்டாரைத் திறந்து பார்த்துப் படமெடுக்க, தேவையானால் பாதுகாப்பில் வைக்க, ரூல் 7இன் கீழ் இன்னொன்று. உங்கள் வழக்கில் எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. அன்றைக்கு உள்ளே இருக்கும் பிக்கப் எது, பாட் எது என்று பதிவாகிவிட்டால் அப்புறம் கைவைக்க முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார் என்ற பயம் இருந்தால் அதையும் மனுவில் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஃபெண்டரின் விரல் பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. முறையான அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

மதிப்பு எவ்வளவு என்று மனுவில் போட்டே ஆக வேண்டும். நீதிமன்றக் கட்டணமும் அதை வைத்துத்தான். கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் குறைத்துப் போடும் ஆசை வரும். வேண்டாம். பொருள் கிடைக்காமல் போனால் பதிலுக்கு எவ்வளவு பணம் என்பதையும் தீர்ப்பில் சொல்ல வேண்டும் என்கிறது ஆர்டர் 20 ரூல் 10. நீங்களே குறைத்துப் போட்ட தொகையைக் கட்டிவிட்டு அவர் கிட்டாரை வைத்துக்கொள்ளப் பார்ப்பார். இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையை அல்ல, உண்மையில் விற்றுப்போன விலைகளை வைத்து இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். தீர்ப்பு வந்தும் கொடுக்க மறுத்தால் ஆர்டர் 21 ரூல் 31 இருக்கிறது: பொருளைப் பறிமுதல் செய்து தரலாம், சிவில் சிறையிலும் வைக்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து பின்வாங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்றத்தின் கீழ் இயங்கும் பெங்களூரு மீடியேஷன் சென்டருக்கு வழக்கை அனுப்பும்படியும் கேட்கலாம். அப்பாவிடம் பாடம் படித்தவர் என்பதால் அங்கே இறங்கி வர வாய்ப்பு இருக்கிறது.

போலீஸ் புகார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்பி ஒப்படைத்ததை மோசடி செய்வது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316இன் கீழ் குற்றம்தான். ஆனால் இப்போதே போனால் ‘சிவில் விஷயம்’ என்று திருப்பி அனுப்புவார்கள். நோட்டீஸ் கிடைத்த பிறகும் விற்றாரானால் அன்றைக்கே போங்கள்.

அண்ணன் விஷயம். இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சொத்தில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி உங்கள் இருவருக்கும் சமமாக. ஆக மூவருக்கும் மூன்றில் ஒன்று. வழக்கில் அவர் சேரவில்லை என்றால் பிரதிவாதியாகச் சேர்த்துவிடுங்கள். அவர் ஒத்துழைக்காததால் வழக்கு நின்றுவிடாது. அவர் மட்டும் தனியாக மாணவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தன் பங்கைத் தவிர வேறெதையும் விட்டுக்கொடுக்க அவரால் முடியாது. இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கிட்டார் திரும்பி வந்ததும் மதிப்பீட்டு விலையில் அவருடைய பங்குக்குப் பணம் கொடுத்து, மூவரும் ஒரு குடும்ப ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். பணம்தான் அவருக்குத் தேவை என்றால் 80,000இல் மூன்றில் ஒரு பங்கைவிட இது எவ்வளவோ மேல் என்பது அவருக்கே தெரியும்.

வாட்ச்சைப் பொறுத்தவரை ஆதாரம் மெலிவாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குள் அது இருந்ததைப் பார்த்தவர் அம்மா மட்டும்தான். என்றாலும் அதை விட்டுவிடாதீர்கள், நோட்டீஸில் இரண்டாவது பொருளாகச் சேருங்கள். வாட்ச் பரிசளித்த விழாவின் படம் குழுவில் இருந்தவர்கள் யாரிடமாவது இருக்கும். பின்மூடியில் என்ன பொறித்தார்கள் என்பது அவர்களில் இருவருக்காவது ஞாபகம் இருந்தால், அதை எழுதி வாங்கி நோட்டீஸ் போவதற்கு முன்பே என்னிடம் அனுப்புங்கள்.