ராத்திரி ஆட்டோவுக்குச் சார்ஜ் போட்டால் வீடு ஏன் இருட்டாகிறது?

கேள்வி: பள்ளத்தூருக்கு வெளியே எங்கள் தோப்பு வீட்டுக்குக் கரண்ட் லைன் வரவில்லை. 5 கிலோவாட் சோலார், 48 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் பேட்டரி, 5 கேவிஏ இன்வெர்ட்டர் இருக்கின்றன. புதிதாக வாங்கிய மின்சார ஆட்டோவை இரவில் சார்ஜ் போட்டால் விடிவதற்குள் எல்லாம் அணைந்துவிடுகிறது. சில நாள் சார்ஜரில் சிவப்பு விளக்கும் எரிகிறது. இன்னொரு பேட்டரி வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சார்ஜ் போடும் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் பேட்டரி கொள்வது சுமார் 10 யூனிட். அடியில் 20 சதவீதத்தை விட்டுவைத்து, இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் 7 தேறும். ஃபிரிட்ஜும் ஃபேனும் இரவில் 3 எடுத்துக்கொள்ளும். ஆட்டோ பேட்டரி 8 யூனிட் என்றால் பிளக்கில் 9 இழுக்கும். மீதி 4 யூனிட்டில் அது எப்படி நிரம்பும்? அதே பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 20 யூனிட் தரும். வீட்டு பேட்டரி நிரம்பிவிட்டால் மிச்ச வெயில் வீண்தான்.

காலைச் சவாரியை முடித்துப் பத்து மணிக்குச் சொருகினால், 2 கிலோவாட் சார்ஜரில் மூன்று மணிக்குள் நிரம்பிவிடும். 16 ஆம்பியர் பிளக்கே வையுங்கள்; சின்ன 6 ஆம்பியர் பிளக் உருகிவிடும். இன்வெர்ட்டரில் டிரை கான்டாக்ட் (தானாகத் திறந்து மூடும் சின்ன ரிலே சுவிட்ச்) இருந்தால் வீட்டு பேட்டரி 80 சதவீதத்தில் சார்ஜர் ஓடவும், 50-க்கு இறங்கினால் நிற்கவும் அமைக்கலாம். சார்ஜர் கரண்டை நேராக அதன் வழியே விடாதீர்கள், அந்தச் சின்ன ரிலே கருகிவிடும். அது, பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்சான 25 ஆம்பியர் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். கிணற்று மோட்டார் இருந்தால் அதுவும் சார்ஜரும் ஒரே நேரத்தில் ஓடாதபடி தடுக்கும் இன்டர்லாக் இணைப்பைப் போடச் சொல்லுங்கள். மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் டிரிப் ஆகும்.

சிவப்பு விளக்கு பெரும்பாலும் எர்த் கோளாறு. மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வோல்ட் போலக் காட்டினால் நியூட்ரல் மிதக்கிறது, அதாவது எர்த்தோடு இணைப்பில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். கையேடு அனுமதித்தால் மட்டும், எலக்ட்ரீஷியனை வைத்து, இன்வெர்ட்டரை ஒட்டிய முதல் போர்டில் ஒரே ஓர் இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கச் சொல்லுங்கள். பிறகு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். நம் பக்கத்துச் செம்புராங்கல் மண் சித்திரையில் காய்ந்துவிட்டால் எர்த் குழி இருந்தும் பலனில்லை. வாரம் ஒரு தரம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் பேனல் தரும் கரண்ட் பாதி அளவுக்கும் கீழே போகும். அப்போது முதலில் வீடு, பிறகு ஆட்டோவுக்கு அரை சார்ஜ். லித்தியத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. அதுவும் போதாவிட்டால் பேனலைக் கூட்டுங்கள், ஆனால் தென்னை நிழல் விழாத இடமாகப் பாருங்கள். ஒரே ஒரு மட்டையின் நிழல் போதும், அந்தப் பேனல் வரிசை தரும் கரண்டையே குறைத்துவிடும்.