பத்து வயது மகளின் முதல் கோல்ஃப் மைதானம்: எங்கே போவது, எங்கிருந்து அடிப்பது?

கேள்வி: எங்களுக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். மகளுக்கு 10 வயது. போன கோடை விடுமுறையில் சென்னையில் இருக்கும் அவள் மாமா ஒரு பயிற்சித் திடலுக்குக் கூட்டிப்போய் கோல்ஃப் பழக்கினார். அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. சிறுவர் மட்டைகள் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பெரிய மட்டையால் 100 யார்டு வரை அடிக்கிறாள் என்று அங்கிருந்த பயிற்சியாளர் சொன்னார். இப்போது நிஜ மைதானத்தில் ஆட வேண்டும் என்கிறாள். நாங்கள் எந்த கிளப்பிலும் உறுப்பினர் இல்லை. அவள் அம்மாவான நான் மட்டையைத் தொட்டதுகூடக் கிடையாது. அவளை அழைத்துக்கொண்டு நானே இரண்டு மூன்று மைதானங்களைப் பார்த்துவரலாமா? எதில் தொடங்குவது?

பதில்: தாராளமாகப் பார்த்துவரலாம். மைதானத்தின் பெயரைப் பேசுவதற்கு முன்னால், அவள் எங்கிருந்து முதல் அடி அடிக்கப்போகிறாள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பெற்றோர் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கணக்கு எளிது. முழு அளவிலான ஒரு 18 குழி மைதானம் ஆண்கள் முதல் அடி அடிக்கும் மேடையிலிருந்து 6,000 யார்டுக்கு மேல் இருக்கும். முன்னால் தள்ளிப் போட்டிருக்கும் பெண்கள் மேடையிலிருந்து ஆடினாலும் 5,000 யார்டைத் தாண்டும். அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அந்நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து 2011-இல் ஒரு அட்டவணை வெளியிட்டன. முதல் அடி எத்தனை யார்டு போகிறதோ, அதற்கேற்ற மொத்த நீளத்தில் ஆடுங்கள் என்பதே அதன் சாரம். 100 யார்டு அடிப்பவருக்கு அதில் சொல்லியிருப்பது 18 குழிக்கும் சேர்த்து 2,100 முதல் 2,300 யார்டு. உங்கள் மகளுக்குப் பெண்கள் மேடையே இரண்டு மடங்குக்கு மேல் நீளம் என்று ஆகிறது.

இதைக் கவனிக்காமல் ஆடவிட்டால் என்ன ஆகும்? 360 யார்டு உள்ள ஒரு பார்-4 குழியை, அதாவது நன்றாக ஆடுபவர் 4 அடியில் முடிக்க வேண்டிய குழியை, எடுத்துக்கொள்வோம். முதல் அடி 100. பிறகு புல்தரையிலிருந்து அடிக்கிற ஒவ்வொன்றும் நன்றாகப் பட்டால் 80, 85. குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிய புல்தரையான கிரீன் பக்கம் வந்து சேரவே 4 அடி ஆகிவிடும். ஒன்று பிசகினால் 5. அதற்கு மேல் ஒரு சின்ன அடி, இரண்டு மூன்று உருட்டல். எட்டு எழுதிக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்க வேண்டும். அங்கேயும் எட்டு. நாலாவது குழியில் குழந்தை தண்ணீர் கேட்கும், ஆறாவதில் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கும். பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று பெற்றோர் வருத்தப்படுவார்கள். பாவம், அந்தக் குழந்தை பெரியவர்களுக்காக அளந்து போட்ட தூரத்தை நடந்து களைத்திருக்கிறது, அவ்வளவே.

அதே குழியில் கிரீனுக்கு 150 யார்டு தொலைவில் பந்தை வைத்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். 100 போக மீதம் 50. இரண்டாவது அடியில் கிரீன், இரண்டு உருட்டலில் குழி. ஆக 4, அதாவது பார். ஆட்டத்தின் உண்மையான ருசி அவளுக்கு அப்போதுதான் தெரியும். பல மைதானங்களில் ஃபேர்வே எனும் புல்பாதையின் ஓரத்திலோ நடுவிலோ 150 யார்டைக் காட்ட ஒரு குட்டைக் கம்பமோ தரையில் பதித்த வட்டோ இருக்கும். பையைச் சுமந்து கூட வரும் உதவியாளரான கேடியிடம் கேட்டால் காட்டிவிடுவார். பார்-3 குழிகளில் 80, 90 யார்டிலிருந்து ஆரம்பித்தால் போதும். அமெரிக்காவில் ஆபரேஷன் 36 என்றே ஒரு பயிற்சி முறை இருக்கிறது. 9 குழியையும் 25 யார்டிலிருந்து ஆட வைப்பார்கள். 36 அடிக்குள் முடித்தால் பின்னால் போய் 50 யார்டிலிருந்து ஆடலாம், அதையும் முடித்தால் 100 யார்டிலிருந்து. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. தூரத்தைத் தன் அடியால் சம்பாதித்த குழந்தை பின்னால் போகத் துடிக்கும், நாம் தள்ள வேண்டியதில்லை.

இனி எந்த மைதானம் என்பதற்கு வருவோம். பணம் கட்டினால் யாரும் ஆடலாம் என்று அரசு அமைப்பே நடத்தும் மைதானம் நம் நாட்டில் அபூர்வம். டெல்லியில் லாடோ சராய் பகுதியில் டெல்லி வளர்ச்சி ஆணையம் 2000-இல் திறந்த குதுப் கோல்ஃப் மைதானம்தான் அந்த வகையில் முன்னோடி. நம் பக்கம் பெரும்பாலும் கிளப் மைதானங்கள். விருந்தினர் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியாரை ஆடவிடுவது கிளப்புக்கு கிளப், நாளுக்கு நாள் மாறும். ஆகவே கிளம்பும் முன் போன் செய்யாமல் போகாதீர்கள்.

உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சென்னை. நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி இருக்கும் காஸ்மோ - தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்பு மைதானத்தை முதலில் விசாரியுங்கள். 18 குழி, சமதரை, குழந்தைக்கு நடக்கக் கஷ்டமில்லை. கடலூரிலிருந்து விடியற்காலை கிளம்பி நேராகப் போய் ஆடலாம் என்று நினைக்காதீர்கள். நாலு மணி நேரம் காரில் சுருண்டு உட்கார்ந்து வந்த உடம்பு வளையாது. முதல் நாள் இரவே மாமா வீட்டில் தங்கிவிட்டால் காலை 6, 6.30-க்கு முதல் அடி அடிக்கலாம். அடுத்தது ஏதாவது விடுமுறையில் கொடைக்கானல். அங்குள்ள கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. ஏற்ற இறக்கம் அதிகம், மெல்லிய காற்றில் பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் போகும், காட்டெருமைகள் ஃபேர்வேயில் வந்து மேயும். அவை நகரும்வரை எட்ட நின்று காத்திருக்க வேண்டும். குழந்தை ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் முதல் மைதானமாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம், மலைச்சரிவில் நின்று அடிப்பது தனி வித்தை. கோயம்புத்தூர் செட்டிப்பாளையம், பெங்களூரு எல்லாம் அதற்குப் பிறகு.

போனில் என்ன கேட்பது? 10 வயதுக் குழந்தைக்கு அனுமதி உண்டா, ஆட்டத் திறனை எண்ணில் காட்டும் ஹேண்டிகேப் சான்று கேட்பார்களா என்பது முதல் கேள்வி. சில இடங்களில் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வெளியார் எந்தக் கிழமையில் ஆடலாம், 9 குழி மட்டும் ஆட முடியுமா, சிறுவருக்குக் கட்டணம் குறைவா, ஆடாத தாய் கூடவே நடந்துவரலாமா என்றும் கேளுங்கள். கடைசியாக, முன்னாலிருந்து ஆட ஆட்சேபம் இல்லையே என்று கேளுங்கள். இதற்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்தே அந்த இடம் குழந்தைகளுக்குத் தோதானதா என்று கண்டுபிடித்துவிடலாம். “அதுக்கென்னம்மா, கூட்டிட்டு வாங்க, கேடிகிட்ட சொல்லிடறோம்” என்று சொல்கிற இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும், மைதானம் சுமாராக இருந்தாலும் சரி.

உடை விஷயத்தில் பல கிளப்கள் கறார். காலர் வைத்த டி-ஷர்ட், பருத்திப் பேன்ட் அல்லது முழங்கால் வரையிலான கால்சட்டை, சாதாரண விளையாட்டு ஷூ இருந்தால் போதும். ஜீன்ஸ் வேண்டாம், உங்களுக்கும்தான். மட்டைகள் 14 வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது, அவளுக்கு ஐந்தாறு மட்டை தாராளம். மாமாவின் பழைய மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுப்பதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தலை கனமாகவும் தண்டு விறைப்பாகவும் இருக்கும், குழந்தையின் வீச்சே கெட்டுப்போகும்.

கேடி கட்டாயம் இல்லாத இடத்திலும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆடாதவர் என்பதால் அந்தச் செலவு வீண் போகாது. எங்கே நிற்பது, எப்போது நகர்வது, கொடியை யார் பிடிப்பது எல்லாம் அவர் சொல்லித்தருவார். பின்னால் வருகிறவர்களைக் காக்க வைக்காததுதான் மைதானத்தில் முதல் மரியாதை. பந்து காணாமல் போனால் 2019 முதல் தேடும் நேரம் 3 நிமிடம்தான். ஒரு குழியில் 8 அடி ஆகிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடச் சொல்லுங்கள். முதல் முறை ஸ்கோர் அட்டையே வேண்டாம். பந்து வருகிறது என்று எச்சரிக்க யாராவது “ஃபோர்!” என்று கத்தினால் திரும்பிப் பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனிய வேண்டும், இதை வீட்டிலேயே இரண்டு முறை பழக்கிவிடுங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது, கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். நம் வெயிலுக்கு வெறும் தண்ணீர் போதாது. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில், நீர்மோர் ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

மைதானம் தொலைவில் இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், இடைப்பட்ட வாரங்களுக்குக் கடலூரிலேயே வழி இருக்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு விடியலில் கூட்டிப்போங்கள். ஈரமும் உலர்வும் கலந்த மணலில் விரலால் ஒரு நீளக் கோடு போடுங்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இருக்கும்படி நின்று, மணலில் அடிப்பதற்கான சாண்ட் வெட்ஜ் மட்டையால் அந்தக் கோட்டிலிருந்து மணலை முன்பக்கமாகத் தெறிக்கவிட வேண்டும். பந்தே கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் கோட்டின் வழியே ஒரு காலடி நகர்ந்து அதன் கடைசிவரை போன பிறகு, திரும்பி நின்று பள்ளங்களைப் பாருங்கள். எல்லாப் பள்ளமும் கோட்டிலேயே தொடங்கினால் பங்கர் எனும் மணல் பள்ளத்திலிருந்து அடிக்கும் அடி கைவந்துவிட்டது. கோட்டுக்குப் பின்னாலேயே தொடங்கினால் உடம்பு பின்னுக்குச் சாய்கிறது என்று அர்த்தம். அங்கே நிஜப் பந்தை அடிக்க மட்டும் விடாதீர்கள். நடப்பவர்களும் வலை உலர்த்துபவர்களும் இருக்கிற இடம், 45 கிராம் கெட்டிப் பந்து கண்ணில் பட்டால் போயிற்று. வீடு திரும்பியதும் மட்டையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள், உப்புக் காற்று இரும்பை விடாது.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் கிரிக்கெட் கூட்டம் வருமுன் ஸ்பாஞ்ச் பந்தை வைத்துச் சின்ன அடிகள் பழகலாம். வீட்டுக்குள் கோரைப் பாயை விரித்து அதன் கோடியில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்து உருட்டிப் பழகட்டும். நிஜக் குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். டம்ளர் வாய்க்குள் உருட்டிப் பழகிய கண்ணுக்கு அது அகலமாகவே தெரியும்.

ஆடாத தாயால் உதவ முடியுமா என்ற தயக்கம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. பெங்களூருவின் அதிதி அசோக் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது அவர் அப்பா கேடியாகப் பையைச் சுமந்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சுமந்தவர் அவர் அம்மா. அதிதி அங்கே நாலாம் இடத்தில் முடித்தார், பதக்கம் மயிரிழையில் தவறியது. பையைத் தூக்குவது, தண்ணீர் நீட்டுவது, மோசமான அடிக்குப் பிறகு முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த அடிவரை கூட நடப்பது, இவை பெரிய உதவி. வீச்சைத் திருத்துவதைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் ஆரம்பத்திலேயே தவிர்த்துவிடுங்கள். குழந்தை அடிக்க நிற்கும்போது நேர் பின்னால் நின்று “கொஞ்சம் இடது பக்கம் திரும்பும்மா” என்று குறி பார்த்துச் சொல்வது பல பெற்றோருக்கு வழக்கம். 2019 விதிகளின்படி ஆட்டக்காரர் கால் ஊன்றத் தொடங்கிய பின் கேடி அப்படி வேண்டுமென்றே பின்னால் நிற்கக் கூடாது. விலகி மறுபடி நிற்காமல் அப்படியே அடித்துவிட்டால் இரண்டு அடி தண்டம். பிற்பாடு போட்டிகளுக்குப் போனால், சிறுவர் ஆட்டங்கள் பலவற்றில் பெற்றோர் கேடியாக வரவே அனுமதி இருக்காது, கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொல்வார்கள். குறியைத் தானே பார்த்துக்கொள்ள இப்போதே பழகட்டும். ஹேண்டிகேப்புக்கு அவசரம் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற கிளப் வழியாக 54 குழிக்கான ஸ்கோர் சேர்ந்தால் கிடைத்துவிடும், ஒன்பது ஒன்பது குழியாக ஆடியதும் கணக்கில் வரும். முதல் மைதானத்தில் 150 யார்டிலிருந்து ஆடி 9 குழியையும் அலுக்காமல் முடிக்கிறாளா பாருங்கள். முடித்தால் அடுத்த முறை கொஞ்சம் பின்னால் போய் ஆடட்டும். பாதியில் சோர்ந்தால் 100 யார்டுக்கு முன்னே கொண்டுவாருங்கள்.