மேம்பாலத்தில் போனாலும் மேப் கீழே காட்டுவது ஏன்?

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அவிநாசி ரோடு புது மேம்பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே மேப் 'இடது பக்கம் திரும்பவும்' என்கிறது. போனில் கோளாறா? காரிலேயே நேவிகேஷன் வைத்தால் சரியாகுமா?"

போனில் கோளாறு இல்லை, இதற்காகச் செலவு செய்யாதீர்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தான் இருக்கும் இடத்தையும் அந்த நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் வேலை. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுவது உங்கள் போன். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தப்பிவிடும். போனில் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியம் கிடையாது, அதனால்தான் இடத்துக்கு மூன்று, கடிகாரப் பிழையைச் சரிக்கட்ட ஒன்று என்று குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு திறந்த வெளியில் கிடைப்பது ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியம். உயரத்தில் பிழை இன்னும் அதிகம், ஏனென்றால் சிக்னல் வருவதெல்லாம் தலைக்கு மேலிருந்துதான், கீழ்ப்பக்கத்தைப் பூமி மறைத்துவிடுகிறது. இப்போது உங்கள் பாலத்தைப் பாருங்கள்: உப்பிலிபாளையத்தில் ஆரம்பித்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர், பழைய ரோட்டுக்கு நேர் மேலேயே போகிறது. நீங்கள் மேலா கீழா என்பதை ஆப் ஊகிக்கத்தான் வேண்டும். கிடைத்த புள்ளியை எடுத்து, பொருத்தமாகத் தெரிகிற ஏதோ ஒரு ரோட்டில் ஒட்டிவிடும். நீலப் புள்ளி ரோட்டின் நடுவிலேயே ஒழுங்காக நகர்வது இப்படி ஒட்டுவதால்தான், அதைப் பார்த்துத்தான் நாம் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறோம்.

கீழ் ரோட்டில் போனால் நிலைமை இன்னும் மோசம். ஹோப் காலேஜ் பக்கம் பாலத்தடியில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள், மேலே கான்கிரீட் வானத்தை மறைத்துவிடும், பக்கவாட்டில் வருகிற சிக்னலில் பாதி கட்டடங்களில் பட்டுத் திரும்பி வருவதாக இருக்கும். சுற்றி வந்த சிக்னலுக்கு நேரம் கூடுதலாகும், போனோ அதையும் நேராக வந்ததாகவே எண்ணிக் கணக்குப் போடும். வண்டி அசையாமல் நிற்க, அம்பு மட்டும் எதிர்ப்பக்கத்துக்குத் தாவுவது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? பாலத்தில் ஏறுவதா, எங்கே இறங்குவது என்பதைக் கிளம்பும்போதே வழியைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். ஏறிய பிறகு பெயர்ப்பலகைதான் கணக்கு, மேப் சொல்லுகிற குரல் இல்லை. பாலத்தின் நடுவில் அது "திரும்பு" என்றால் பிரேக்கில் கால் வைக்காதீர்கள், பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்க்க மாட்டார். போனைக் கியர் பக்கத்துக் குழியில் போடாமல் கண்ணாடிக்குப் பக்கத்தில், பார்வையை மறைக்காத ஸ்டாண்டில் மாட்டுங்கள். பேட்டரி சேவரை அணைத்துவிட்டு, ஆப்புக்குத் துல்லியமான இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

அப்புறம், காரிலேயே பொருத்தி வருகிற நேவிகேஷன். அவற்றில் சில சக்கரம் சுற்றுவதையும் வண்டி திரும்புவதையும் சேர்த்துக் கணக்கிடும், சுரங்கப்பாதையில் சிக்னல் போனாலும் கொஞ்ச தூரம் சமாளிக்கும். ஆனால் அதிலுள்ள மேப்பைப் புதுப்பிக்காவிட்டால் 2025 அக்டோபரில் திறந்த இந்தப் பாலமே அதில் இருக்காது.