இரண்டு மருந்தும் அளவுக்குள். மீன் செத்ததற்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஊராட்சி ஏரியைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா, ரோகு வளர்க்கிறேன். மழை பெய்த மறுநாள் மீன்கள் செத்து மிதந்தன. மேலே நெல் வயல்கள். அதே வாய்க்காலில் சாயப்பட்டறைக் கழிவும் கலக்கிறது. ஆய்வறிக்கையில் புரொபனோபாஸ், சைபர்மெத்ரின் ஆகிய பூச்சிக்கொல்லிகள் இரண்டும் இருந்தாலும், தனித்தனியே மீனைக் கொல்லும் அளவில் இல்லை என்கிறார்கள். நான் வழக்குத் தொடர முடியுமா?

பதில்: முடியும். தனித்தனி அளவைக் கொண்டு கலவையின் விளைவை மறுக்க முடியாது. மீனின் உடலில் சைபர்மெத்ரினைச் சிதைக்கும் நொதியைப் புரொபனோபாஸ் செயலிழக்கச் செய்வதால், இரண்டும் சேரும்போது நஞ்சின் வீரியம் கூடுகிறது. பூச்சிகளிடத்திலும் இவ்விளைவு உண்டு என்பதால்தான் 40 விழுக்காடு புரொபனோபாசும் 4 விழுக்காடு சைபர்மெத்ரினும் கலந்து ஒரே புட்டியில் விற்கிறார்கள். புட்டியிலுள்ள வண்ண முக்கோணம் பாலூட்டிகளுக்கான நச்சுத்தன்மையைக் குறிப்பதே தவிர, மீனுக்கானதன்று. எதிர்த்தரப்பு அதைக் காட்டி வாதிட்டால் மயங்க வேண்டாம்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் பிரிவு 17(2) உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது: சேதத்தை எந்த ஒரு செயலின் மீதும் மட்டும் சுமத்த முடியாமல், பல செயல்களின் கூட்டு விளைவாக அது நேர்ந்திருந்தால், பொறுப்பை உரியவர்களிடையே நியாயமாகப் பங்கிடலாம். நீர்வாழ் உயிரினங்களின் அழிவும் அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இழப்பீட்டுக்குரிய தலைப்பாக இடம்பெற்றுள்ளது. இழப்பீட்டுக்கான மனுவை, அதைக் கோருவதற்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் சென்னையிலுள்ள அத்தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் தாக்கல் செய்யலாம். கோரும் தொகையில் ஒரு விழுக்காடு கட்டணம். குத்தகைதாரரான நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்ற முறையிலேயே மனுதாரராகலாம்.

ஒரு சிக்கல் உண்டு. அத்தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களைப் பட்டியலிடும் முதல் அட்டவணையில் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968 இல்லை. ஆகவே, நீர்நிலையில் மாசுப்பொருளைக் கலக்கத் தடை விதிக்கும் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974-இன் பிரிவு 24-ஐ ஒட்டியே வழக்கைக் கட்ட வேண்டும். தெளிப்பானையும் காலி டப்பாவையும் வாய்க்காலில் கழுவினார்கள் என்று காட்ட முடிந்தால், கழுவிய நீரால் நீர்நிலை மாசடையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின் 44-ஆம் விதியும் துணைநிற்கும். ஆனாலும் ஊர்க்காரர் அத்தனை பேரையும் எதிர்மனுதாரராக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கழிவுநீர் வெளியேறும் வாய் கண்ணுக்குத் தெரியும் சாயப்பட்டறையே முதல் இலக்கு.

எதிர்த்தரப்பு நிச்சயம், “பிராணவாயு குறைந்து செத்தன” என்று சொல்லும். அப்படிச் சாகும்போது பெரும்பாலும் விடியற்காலையில், பெரிய மீன்களே முதலில் சாகும். சிறு குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும் இறாலும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சின் மீதே ஐயம் எழும். நீங்கள் கண்டதை நாளும் நேரமும் குறித்து இப்போதே எழுதிவையுங்கள். மிச்சமுள்ள மீன்களைப் பனிக்கட்டியில் வைத்து, மூளையில் நரம்பு இயக்கத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி குறைந்துள்ளதா எனச் சோதிக்க மீன்வளப் பல்கலைக்கழகத்தை அணுகுங்கள். அது குறைந்திருந்தால் புரொபனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்து பட்டதற்குச் சான்றாகும். சாயப்பட்டறைக் கழிவின் மாதிரியை நீங்களே எடுத்துப் பயனில்லை. நீர்ச் சட்டத்தின் பிரிவு 21 கூறும் முறைப்படி, அறிவிப்பு கொடுத்து, இரு பகுதியாகப் பிரித்து முத்திரையிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே எடுக்கும்படி எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகைச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.