வாசகர் கேள்வி பதில்: வகுப்பறைக்குள் ஒரு டின்மீன்

கேள்வி: உலகமே அழிந்துபோன கதையை எடுத்துச் சிரிப்புத் தொடராக்கி இருக்கிறார்கள். மகன் ‘த லாஸ்ட் மேன் ஆன் ஏர்த்’ பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். 2004இல் கடல் வந்ததைப் பார்த்த எனக்கு அது பிடிக்கவில்லை. நான் நினைப்பது பிழையா?
- வாசகி, உப்புவெளி

பதில்: பிழையே இல்லை அம்மா. ஆனால் மகனோடு இரண்டு அத்தியாயம் உட்கார்ந்து பாருங்கள். 2015 மார்ச்சில் ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தத் தொடர் செத்தவர்களை வைத்துச் சிரிப்பதில்லை, வைரஸ் எல்லோரையும் கொண்டுபோன பிறகு மிஞ்சிய ஏழெட்டுப் பேர் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கப் படுகிற பாட்டைத்தான் காட்டுகிறது. ஊரே காலி, ஒரு வாகனம் கிடையாது, அப்போதும் காரல் என்ற பெண் வீதியில் நிறுத்தற் பலகையைக் கண்டால் காரை நிறுத்தத்தான் வேண்டும் என்று நிற்கிறாள். எனக்கு அது பைத்தியமாகத் தெரியவில்லை. எல்லாம் போன பிறகு கையில் பிடிக்க ஏதாவது ஒரு ஒழுங்கு வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பருவத்தில் சாப்பாடு குறைந்துகொண்டு போகும் நேரம் டொட் என்ற நல்ல மனிதனுக்குக் கொஞ்சம் பன்றி இறைச்சி கிடைக்கிறது, அதை மற்றவர்களுக்குத் தெரியாமல் பொரித்துத் தின்கிறான். அந்த இடத்தில் எனக்குப் பெரியம்மாவின் நினைவு வந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம், ஒரு வகுப்பறைக்குள் நாலு குடும்பம், நடுவில் வெண்கட்டியால் கோடு. மூன்று நேரமும் பாணும் பருப்பும். பெரியம்மா சேலை மூட்டைக்குள் ஒரு டின்மீனை ஒளித்து வைத்திருந்தார். ஆறாம் நாள் இரவு பக்கத்துக் கோட்டுப் பிள்ளை பருப்பைக் கண்டதும் வாயை இறுக்க மூடிக்கொண்டது. அவர் ஒன்றும் பேசாமல் மூட்டையை அவிழ்த்து, டின்னை வெட்டி, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பிசைந்து, பதினைந்து பேருக்கும் விரல் நுனியளவு வைத்தார். “இவ்வளவு நாளும் இதுக்கு மேலயோ தலை வைச்சுப் படுத்தனீங்கள்?” என்று யாரோ கேட்க, கடல் வந்த பிறகு முதல்முறையாக அந்த அறையே சிரித்தது. கணவனைப் பறிகொடுத்த அக்காவும் சிரித்தார். பிறகு அழுதார், அது வேறு. அந்தச் சிரிப்பு செத்தவர்களுக்குச் செய்த மரியாதைக் குறைவு என்று என்னால் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. மகன் சிரிப்பதும் அப்படியான ஒரு சிரிப்புத்தான் என்று நம்புகிறேன். முகாமில் என்ன சாப்பிட்டீர்கள், யார் யாரோடு சண்டை பிடித்தார்கள் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

கேள்வி: தொடர் முழுக்கச் சிரிப்புத்தானா?
- வாசகர், கிண்ணியா

பதில்: இல்லை. அதே இரண்டாவது பருவத்தில் ஒருவருக்கு அப்பெண்டிக்ஸ் வருகிறது. டொக்டர் இல்லை, கூட இருப்பவர்களே வயிற்றைக் கிழிக்க வேண்டிய நிலை, அவர் பிழைக்கவில்லை. மூதூரிலிருந்து நோயாளியைப் படகில் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வந்த காலம் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேள்வி: கடைசியில் என்ன ஆகிறது?
- வாசகர், நிலாவெளி

பதில்: நான்கு பருவம், 67 அத்தியாயம். கடைசிக் காட்சியில் நிலத்துக்கு அடியிலிருந்து முகமூடி போட்ட ஒரு கூட்டம் ஏறி வந்து இவர்களைச் சுற்றி நிற்கிறது. 2018இல் தொடரை நிறுத்திவிட்டார்கள், அதனால் இன்னும் அப்படியே நிற்கிறார்கள்.