உங்கள் கிணற்று நீருக்கு எந்தச் செடி?

மீன் தொட்டியில் உயிருள்ள செடி வளர்ப்பது பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தைச் சொல்கின்றன: படத்தில் பார்த்த செடியை ஆசையாக வாங்கினேன், ஒரு மாதத்தில் அழுகிவிட்டது. கரியமில வாயு உருளையும் விலை உயர்ந்த விளக்கும் இல்லாத எளிய தொட்டியில் எந்தச் செடி பிழைக்கும் என்பதை நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. குமரி மாவட்டம் சிறியதுதான்; ஆனால் மலையடிவாரக் கிணற்று நீரும் கடலோரக் கிணற்று நீரும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆகவே எனக்கு எழுதும்போது ஊர்ப் பெயரையும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். வீட்டுக் கிணற்று நீர்தான். கரியமில வாயு ஏற்பாடு எதுவும் இல்லை. எந்தச் செடிகளில் தொடங்கலாம், ஐயா?
– கல்லூரி மாணவர், திருவட்டாறு

உங்கள் பகுதியில் செம்மண்ணும் வெட்டுக்கல்லும்தான். அதில் ஊறும் நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெரும்பாலும் 7-க்குக் கீழே இருக்கும். சில கிணறுகளில் 6-ஐ ஒட்டி நிற்கும். சோப்பு எளிதில் நுரைக்கிறதா, கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு படியாமல் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் உங்களுடையது மென்னீர். சோதனைத் திரவம் வாங்கிப் பார்ப்பதானால், இறைத்த கையோடு பார்க்க வேண்டாம். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு, பி.எச். அளவைக் குறைத்துக் காட்டும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்த பிறகு சோதியுங்கள்.

இந்த நீருக்கு என் முதல் தேர்வு கிரிப்டோகோரைன். கடைகளில் கிடைக்கும் வெண்ட்டி, பெக்கெட்டி ஆகிய இரண்டு வகைகளும் இலங்கைக்கே உரியவை. நம் வெப்பம் அவற்றுக்குப் புதிதல்ல. மங்கிய ஒளியே போதும். வேரால் உண்ணும் செடி என்பதால் இரண்டங்குல மணலாவது வேண்டும். நட்ட பிறகு இடம் மாற்றாதீர்கள்.

அடுத்தது ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இவை இரண்டிலும் கிடையாக ஓடும் ஒரு தடித்த தண்டு இருக்கும். அதை மணலில் புதைத்தால் அழுகிவிடும். மரக்கட்டையிலோ கருங்கல்லிலோ பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். நூல் மட்கும் முன் வேர் பிடித்துக்கொள்ளும். அனுபியாஸ் இலை மிக மெதுவாக வரும். அதைக் கண்டு உரம் போடத் தொடங்கிவிட வேண்டாம்.

இந்த மூன்றும் மெதுவாக வளர்பவை. இவற்றை மட்டும் வைத்தால், செடி உண்ணாமல் விட்ட சத்தைப் பாசி உண்ணும். எனவே வேகமாக வளரும் ஒன்றும் முதல் நாளிலிருந்தே தொட்டியில் இருக்க வேண்டும். ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா நம் நாட்டுச் செடி. ஒடித்து நட்டாலே முளைக்கும். ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது, மிதக்கவிட்டால் போதும். இரண்டில் ஒன்றைத் தாராளமாக வாங்குங்கள். தொட்டித் தரையில் பாதியாவது முதல் நாளே செடியால் மூடியிருப்பது நல்லது.

தரையில் புல்வெளி போலப் படரும் செடிகளும் அடர் சிவப்புச் செடிகளும் உங்களுக்கு வேண்டாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்றிலிருந்து தானாகக் கரையும் கரியமில வாயு லிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம்தான். உருளை வைத்த தொட்டிகளில் அது 20 முதல் 30 மில்லிகிராம் வரை இருக்கும். படத்தில் நீங்கள் பார்க்கும் சிவப்பு, அந்த வாயுவும் கடும் ஒளியும் சேர்ந்து தருவது. ரோட்டலா மேக்ராண்ட்ரா என்ற சிவப்புச் செடி மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் எளிய தொட்டியில் அது நிலைப்பதில்லை. உள்ளூர்ச் செடி என்ற பாசத்தில் வாங்கிவிடாதீர்கள்.

குளச்சல் பக்கம் வீடு. கிணற்று நீர் சற்று உவர்ப்பு. தொட்டிக் கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுகிறது. கபோம்பா, ஜாவா மாஸ் இரண்டும் போய்விட்டன. எங்களுக்குச் செடியே கூடாதா?
– இல்லத்தரசி

கூடும், அம்மா. உங்கள் நீருக்கு ஏற்ற செடி வாலிஸ்னேரியா. நாடா போன்ற நீண்ட இலை. ஒரு மாதம் சோர்ந்து கிடந்துவிட்டுப் பிறகு ஓடுதண்டு விட்டுத் தொட்டி முழுக்கப் பரவும்.

கண்ணாடியில் கோடு விழச் செய்யும் கடின நீரில் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் போன்றவை கரியமில வாயு குறைந்தால் அந்தப் பைகார்பனேட்டிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ளும் திறன் பெற்றவை. ஜாவா மாஸுக்கு அது வராது. அதாவது திருவட்டாற்றுத் தம்பிக்குச் சிரமம் தரக்கூடிய வாலிஸ்னேரியா உங்களிடம் செழிக்கும். ஜாவா ஃபெர்னும் இலேசான உவர்ப்பைத் தாங்கும். இவை இரண்டையும் வைத்தே அழகான தொட்டி அமைக்கலாம்.

கோடையில் கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு ஏறும். அப்போது ஆவியான நீருக்கு ஈடாகக் கிணற்று நீரையே மேலும் மேலும் ஊற்றினால் தொட்டியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, கூரை கழுவப்பட்ட பிறகு விழும் நீரை மூடிய தொட்டியில் சேமியுங்கள். ஆவியானதை அந்த மழைநீரால் நிரப்புங்கள். நீர் மாற்றும்போது கிணற்று நீரோடு மழைநீரைச் சிறிது சிறிதாகக் கலந்தே ஊற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் மீனுக்கு ஆகாது.

கடற்கரை மணலைக் கழுவித் தொட்டிக்குப் பயன்படுத்தலாமா? மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணல் பார்க்க அழகாக இருக்கிறது.
– பள்ளி மாணவி, மண்டைக்காடு

வேண்டாம், மகளே. கழுவினால் உப்பு போகும். சிப்பித் தூள் போகாது. அது கரைந்துகொண்டே இருந்து நீரைக் கடினமாக்கும். அந்த மணல் மிகவும் மாவாகவும் இருப்பதால் இறுகிப்போய் வேருக்கு மூச்சு விடாது.

கறுப்பு மணலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் ஆகிய கனிமங்களோடு மோனசைட்டும் கலந்த மணல் அது. மோனசைட்டில் இருப்பது தோரியம். கதிர்வீச்சுத் தன்மை உடையது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். உங்கள் ஊர் மணலின் இந்த வரலாற்றைத் தெரிந்து வைத்திருங்கள்; ஆனால் அந்த மணலை வீட்டுக்குள் கொண்டுவந்து கை விட்டுக் கிளறும் தொட்டியில் போட வேண்டாம்.

வீட்டு வேலை நடந்த இடத்தில் மிஞ்சிய ஆற்று மணல் ஒரு சட்டி கிடைத்தால் போதும். நீர் தெளியும் வரை அலசுங்கள். எலுமிச்சைச் சாற்றைச் சில சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது, தவிர்த்துவிடுங்கள்.

கடையில் 'நீர்ச் செடி' என்று சொல்லித் தந்த இரண்டு செடிகள் மூன்றே வாரத்தில் அழுகிவிட்டன. ஒன்று மூங்கில் போல் இருந்தது, மற்றொன்று வெள்ளைக் கோடு போட்ட இலை. தண்ணீர்க் கோளாறா?
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் தண்ணீரில் குறை இல்லை. மூங்கில் போலிருந்தது டிரசீனா. 'லக்கி பாம்பூ' என்று விற்பார்கள். அது மூங்கிலும் இல்லை, நீர்ச் செடியும் இல்லை. வேர் மட்டும் நீரில் இருந்தால் பல ஆண்டு நிற்கும். இலை மூழ்கினால் மெல்லச் செத்து, அழுகும்போது நீரையும் கெடுக்கும். இரண்டாவதும் தரைச் செடியாகத்தான் இருக்க வேண்டும். கோடு போட்ட டிரசீனா, சிங்கோனியம் போன்ற பூந்தொட்டிச் செடிகள் மீன் கடைகளில் தாராளமாக விற்கப்படுகின்றன. தெரிந்தே விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்; அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வாங்கும்போது செடியை நீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். நீருக்குள்ளேயே வாழும் செடிக்குத் தன்னைத் தாங்கும் உறுதி தேவைப்படுவதில்லை. வெளியே எடுத்ததும் ஈரத் துணியாகத் துவண்டு தொங்கும். விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், நீருக்கு வெளியே வளர்க்கப்பட்ட கிரிப்டோகோரைன் ஆகியவை இதற்கு விலக்கு. அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டே வாங்குங்கள்.

கொடியாகப் படரும் செடி ஆசை இருந்தால், வீட்டு வாசலில் இருக்கும் மணி பிளாண்ட்டில் ஒரு துண்டை வெட்டி, வேர் மட்டும் தொட்டி நீரில் தொங்கும்படி விளிம்பில் செருகிவிடுங்கள். இலை காற்றில் இருப்பதால் அதற்குக் கரியமில வாயுத் தட்டுப்பாடே இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். எளிய தொட்டிக்கு இதைவிட மலிவான உதவி கிடையாது.

கிரிப்டோகோரைன் நட்டு ஒரு வாரத்தில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. பிடுங்கிவிடட்டுமா?
– தக்கலை

பிடுங்காதீர்கள். இடமும் நீரும் மாறினால் அது பழைய இலையை உதிர்ப்பது வழக்கம். கூழானதை மட்டும் அகற்றுங்கள். வேர் உறுதியாக இருந்தால் சில வாரங்களில் புது இலை எழும்.

கிழங்கிலிருந்து முளைத்த அபோனோஜெட்டான் நான்கைந்து மாதம் அருமையாக இருந்து திடீரென்று இலை விடுவதை நிறுத்திவிட்டது.
– பூதப்பாண்டி

ஓய்வு எடுக்கிறது. நம் குளங்களில் ஆம்பலோடு சேர்ந்து வளரும் கொட்டியும் இந்தக் குடும்பம்தான். குளம் வற்றும் காலத்தில் கிழங்காகச் சேற்றுக்குள் காத்திருந்து மழையில் மீண்டும் துளிர்க்கும். உங்கள் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கல் போல் இருந்தால் உயிர் இருக்கிறது, அப்படியே விடுங்கள், பிசுபிசுத்தால் எடுத்துவிடுங்கள்.

தங்கமீன் எல்லாச் செடியையும் தின்றுவிடுகிறது.
– அருமனை

தடித்த இலையுள்ள அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டும், அதுவும் கல்லில் கட்டி. மற்றவை அதற்குத் தீனிதான்.

குலசேகரத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய ஓடையிலிருந்து செடி எடுத்து வந்து தொட்டியில் வைத்தேன். செடி நன்றாக இருக்கிறது. ஆனால் இறால்களும் நத்தைகளும் இரண்டு நாளில் செத்துவிட்டன. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன காரணம்?

மீன் பிழைத்து இறாலும் நத்தையும் மட்டும் செத்தால் நான் முதலில் சந்தேகிப்பது தாமிரத்தை. ரப்பரில் இலை உதிர்வு நோயைத் தடுக்கப் பருவமழைக்கு முன் தாமிர ஆக்ஸிகுளோரைடு தெளிப்பதும், போர்டோ கலவை பூசுவதும் உங்களுக்குத் தெரிந்ததே. மழை அதைக் கழுவி ஓடையில் சேர்க்கும். செடியிலும் வேரில் ஒட்டிய சேற்றிலும் அது தங்கும். மீன் தாங்கும் மிகச் சிறிய அளவே இறாலைக் கொன்றுவிடும்.

பாதி நீரை உடனே மாற்றுங்கள். பிறகு சில நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. மாற்ற எடுக்கும் நீர் அந்த ஓடை நீராக இருக்க வேண்டாம். வடிகட்டியில் கரி வையுங்கள். செடியை வெளியே எடுத்து, தனி வாளியில் நீரை மாற்றி மாற்றிச் சில வாரம் வைத்துப் பிறகு பார்க்கலாம். தோட்ட மண்ணையும் தொட்டிக்கு அடியில் போடாதீர்கள். உரமும் மருந்தும் அதில் கலந்திருக்கும்.

கடைச் செடிக்கும் ஒரு குளியல் நல்லது. நத்தை முட்டை வராமல் இருக்க, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி படிகாரம் கரைத்த நீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டு நடுங்கள்.

இலை முழுவதும் கறுப்புப் பாசி. விளக்கு காலை முதல் இரவு வரை எரிகிறது. தொட்டி சன்னல் ஓரம் இருக்கிறது.
– மார்த்தாண்டம்

விளக்கை ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மணி நேரமாகக் குறையுங்கள். ஒரு டைமர் மாட்டினால் மறதிக்கு இடமில்லை. சன்னலுக்குத் திரை போடுங்கள். அனுபியாஸை ஹைக்ரோஃபிலாவின் நிழலுக்கு மாற்றுங்கள். கறுத்த இலைகளைத் தேய்த்து மெனக்கெடாமல் வெட்டி எறிந்துவிடுங்கள். மின்வெட்டு பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். பகலில் இரண்டு மணி நேரம் விளக்கு அணைந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது.

இலை மஞ்சளாவதைப் பார்த்து யூரியா போட நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும். உரம் தேவையென்றால் நீர்ச் செடிகளுக்கென்று விற்கும் திரவத்தைச் சீட்டில் சொன்ன அளவில் பாதி மட்டும் ஊற்றுங்கள்.

தேரூர் குளத்தில் விதவிதமான நீர்ச் செடிகள் இருக்கின்றன. கொஞ்சம் எடுத்து வரலாமா? எங்கள் தொட்டியில் அதிகமாகிவிட்ட செடிகளைப் பக்கத்துச் சானலில் விட்டால் அங்கே வளருமே?
– சுசீந்திரம்

இரண்டும் கூடாது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்குள்ள கொட்டியும் ஆம்பலும் பறவைகளுக்கு உணவு, கூடு கட்டும் இடம். கடையில் சில ரூபாய்க்குக் கிடைப்பதற்காக அதில் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. தென்னமெரிக்காவிலிருந்து மீன் தொட்டிச் செடியாகப் பரவிய கபோம்பா, கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவள பாண்டியில் நீர்நிலையை மூடி 2020இல் இளஞ்சிவப்பாகப் பூத்தது. பார்க்கக் கூட்டம் கூடியது. அதைப் பார்த்தவர்கள் செடியை எடுத்துச் சென்று வேறு குளங்களில் விட்டுவிடுவார்களோ என்ற கவலையும் கூடியது. நம் குளங்களை ஆகாயத்தாமரை எப்படி அடைத்துக்கொண்டது என்பதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். ஹார்ன்வோர்ட், கபோம்பா, ஹைக்ரோஃபிலா எல்லாம் ஒரு விரல் நீளத் துண்டிலிருந்தே முழுச் செடியாகிவிடும். சானலில் விட்டது அடுத்த குளத்துக்கும் வயலுக்கும் போய்ச் சேரும்.

வெட்டிய செடியை மொட்டைமாடியில் சருகாகும் வரை காயவைத்துத் தென்னை மூட்டில் போடுங்கள். தொட்டி கழுவிய நீரையும் சாக்கடையிலோ வாய்க்காலிலோ விடாமல் அதே மூட்டில் ஊற்றுங்கள். உவர்ப்பில்லாத தொட்டி நீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம்.