கனவில் கொட்டிய பற்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 44. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். இந்த மாதத்தில் மூன்று முறை ஒரே கனவு, மூன்றும் விடியற்காலையில். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். தராசுக்குப் பின்னால் என் மாமனார். அவர் போன தை மாதம் காலமானவர். கோபமாகப் பார்த்து, "விரலை வை" என்கிறார். மெஷினில் என் ரேகை விழவில்லை. ஆனாலும் அளந்து பையில் கொட்டிவிட்டு, "எடை சரியா இருக்கா பாத்துக்கோ" என்று சிரிக்கிறார். பையைத் திறந்தால் அரிசி இல்லை, பற்கள். நாக்கால் துழாவினால் என் வாயில் ஒரு பல்கூட இல்லை. அப்போது பயமே வரவில்லை. வெட்கம்தான். வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வருகிறேன். எழுந்தால் நெற்றிப்பொட்டு வலிக்கிறது.

பல் விழுந்தால் நெருங்கிய உறவில் சாவு என்கிறார் அம்மா. யூடியூபில் ஒருவர் பணம் வரும் என்கிறார், இன்னொருவர் நஷ்டம் என்கிறார். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதால் பயமாக இருக்கிறது. இதற்கு என்னதான் அர்த்தம்?

ச., பாளையங்கோட்டை

அன்புள்ள ச.,

உங்கள் அம்மா சொல்வதற்கு 1,800 வயதுக்கு மேல் ஆகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் எபேசஸ் நகரத்து ஆர்ட்டெமிடோரஸ் ஐந்து பாகங்களில் ஒரு கனவு நூல் எழுதினார். வாய்தான் வீடு, பற்கள் வீட்டு மனிதர்கள், வலப்பக்கப் பல் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள் என்று அதில் கணக்கு வருகிறது. பல் போனால் ஆள் போவார். ஆனால் அதே இடத்தில், கடன்காரன் இந்தக் கனவைக் கண்டால் கடன் அடையும், வாயில் ஒரு பல்லும் இல்லாததாக அடிமை கண்டால் விடுதலை என்றும் சொல்கிறார். கனவு கண்டவரின் தொழில், வசதி, வயது, உடல்நிலை எல்லாம் கேட்காமல் பலன் சொல்லக்கூடாது என்பதில் அந்த மனிதர் கறாராக இருந்தார். யூடியூப் பலன்காரர்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டு கேள்விகளை விட்டுவிட்டார்கள்.

விடியற்காலை விஷயத்துக்கு நம்மிடமே ஏடு உண்டு. பொன்னவன் எழுதிய கனா நூல் முதல் சாமத்துக் கனவுக்கு ஓராண்டும், கடைச் சாமத்துக் கனவுக்குப் பத்து நாளும் கெடு வைக்கிறது. விடியற்காலைக் கனவுக்கு இத்தனை மரியாதை வந்ததற்குத் தூக்கத்தின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூடிய இமைக்குள் விழி வேகமாக ஓடும் ஒரு கட்டம் உண்டு. அதை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் பதிவு செய்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. முதல் சுற்றில் அது சில நிமிடம். விடியும் தருவாயில் அரை மணி நேரம்கூட நீளும். அப்போதே விழித்துவிடுவதால் கனவு நினைவிலும் தங்குகிறது. நினைவில் தங்குவது நாலு பேரிடம் சொல்லப்படுகிறது, சொன்னதில் பலித்தது மட்டும் ஊரில் நிற்கிறது. கண்ணகி கண்ட கனவு தப்பாமல் பலித்ததே என்பீர்கள். அடுத்த காதைகளில் என்ன நடக்கும் என்று அவளுக்குக் கனவு கொடுத்த இளங்கோவுக்குத் தெரியும்.

இனி உங்கள் கனவு. பற்களை முதலில் தொடாதீர்கள். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும், அதனால்தான் மற்றதெல்லாம் கவனத்தில் விழாமல் போகிறது. நான் தொடங்குவது வெட்கத்திலிருந்து. கனவில் ஆட்களும் பொருட்களும் தாறுமாறாக இடம் மாறும், உணர்ச்சி அவ்வளவு லேசில் மாறாது. சாவுக்கனவு என்றால் பயமோ துக்கமோ இருந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு ஓடும் வெட்கத்தை சமீபத்தில் பகலில் எங்கே பட்டீர்கள்?

அடுத்தது ரேஷன் கடை. மாமனாரின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கியாகிவிட்டதா? இறப்புச் சான்றிதழை இணைத்து உறுப்பினர் நீக்கத்துக்கு விண்ணப்பிக்கும் வேலை பல வீடுகளில் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அவர் பங்கு அரிசியும் வந்துகொண்டே இருக்கும். இறந்தவரே தராசில் நின்று "எடை சரியா இருக்கா" என்று கேட்பதும், உங்கள் ரேகை விழாமல் போவதும், வெட்கமும் இந்த ஒரு இடத்தில் வந்து சேர்கின்றன. இது என் ஊகம்தான். படித்தவுடன் உங்களுக்குள் "ஆமாம்" என்று ஒன்று சொல்லாவிட்டால் இதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கனவின் அர்த்தத்துக்குக் கண்டவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பற்களுக்கு வருவோம். 2018இல் இஸ்ரேலில் இரண்டு ஆய்வாளர்கள் 210 பேரிடம் கேட்டார்கள். பல் விழும் கனவு அதிகம் காண்பவர்களுக்கும் மனக்கலக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. எழும்போது பல், ஈறு, தாடையில் இறுக்கம் இருப்பவர்களிடம்தான் தொடர்பு தெரிந்தது. நீங்கள் நெற்றிப்பொட்டு வலி என்று கனவைச் சொல்லி முடிக்கும் வரியில் போகிறபோக்கில் எழுதியிருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்கு வலிக்கும் இடம் அது. காலையில் இரண்டு விரலைக் காதுக்கு முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அழுத்தினால் வலித்தாலோ, கடைவாய்ப் பல் முனைகள் தேய்ந்து தட்டையாகியிருந்தாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து தருவார். தாடை இறுகும் உணர்வைத் தூங்கும் மூளை தன் கதைக்குள் இழுத்துக்கொண்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரேஷன் கடைக் காட்சியில் பையில் கொட்டிவிட்டிருக்கலாம்.

மீண்டும் வந்தால் முறையாகப் பிடித்து எழுதுங்கள். விழித்ததும் புரண்டு படுக்காமல், போனைத் தொடாமல், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். தலைமாட்டில் இருக்கும் நோட்டில் நிகழ்காலத்தில் எழுதுங்கள்: "நிற்கிறேன், பார்க்கிறார்." நினைவில்லாத இடத்தை நிரப்பாமல் ஒரு கோடு போட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே மாமனார் கோபமாகப் பார்க்கிறார், நாலு வரி தள்ளிச் சிரிக்கிறார். மூன்று கனவுகள் ஒன்றாகக் கலந்திருக்கலாம். அல்லது அம்மாவிடம் சொல்லும்போது கோபம் புதிதாகச் சேர்ந்திருக்கலாம். இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொன்ன கனவு பாதி நம் கற்பனை. அதனால் நோட்டு முதலில், அம்மா பிறகு.

எழுதியபின் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் எதிரே மனதில் முதலில் வருவதைக் குறியுங்கள்: தராசு, பை, விரல், பல். அகராதி பார்க்கக்கூடாது, அழகாக எழுதவும் வேண்டாம். பிறகு முந்தின இரண்டு நாள் நடந்ததையும், ஐந்து முதல் ஏழு நாள் முன்பு நடந்ததையும் தனியாக எழுதுங்கள். முந்தின நாளின் மிச்சம் கனவில் வரும் என்று பிராய்ட் சொன்னது பரவலாகத் தெரியும். ஒரு வாரம் கழித்தும் அது தலைகாட்டும் என்பதைப் பின்னால் கண்டுகொண்டார்கள். இங்கே பலரும் சறுக்குவது பெரிய சம்பவத்தைத் தேடித்தான். கனவுக்கு ஒரு ரசீது போதும்.

இறந்தவர் வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: துக்கம் நடந்த முதல் ஆண்டில் அது மிகச் சாதாரணம். அவர் எதையும் கேட்டு வரவில்லை.

கனவு தொல்லையாகிவிட்டால் அர்த்தம் தேடுவதை நிறுத்திவிட்டு அதை மாற்றி எழுதலாம். கெட்ட கனவுகளுக்கு உளவியலாளர்கள் கையாளும் முறைதான் இது. பகலில் உட்கார்ந்து, கனவை உங்களுக்குப் பிடித்தபடி திருத்துங்கள். பையைத் திறந்தால் அரிசியே இருக்கட்டும், அல்லது வரிசையை விட்டு நீங்களே வெளியே நடந்துவிடுங்கள். திருத்திய வடிவத்தை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டுங்கள். பழைய வடிவத்தை ஓட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் ஆகும். 

ஒரு கேள்வி பாக்கி. ரத்த அழுத்தத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ புதிதாக மாத்திரை தொடங்கினீர்களா? புரோப்ரனலால் போன்ற சில மாத்திரைகள் கனவுகளைக் கூர்மையாக்கும். அப்படியென்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தர வழி உண்டு.